எல்லா 'ஸ்ட்ரைக்'கும் வேலைநிறுத்தம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'இன்னிக்கு ஸ்ட்ரைக்' என்றால் சென்னையில் பஸ் ஓடாது, துறைமுகத்தில் சரக்கு இறங்காது. அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, ஆங்கிலச் செய்தியில் இச்சொல்லைக் கண்டதும் மொழிபெயர்ப்பவர் கை 'வேலைநிறுத்தம்' என்று எழுதிவிடுகிறது. அது பொருந்தாவிட்டால் 'தாக்குதல்'. இரண்டிலும் அடங்காதவை ஏராளம்.

வேலைநிறுத்தம் என்ற பொருளே 'அடிப்பது' என்ற பொருளிலிருந்து நேராக வந்ததல்ல. கப்பல்காரர் பேச்சில் பாயை இறக்குவதும் 'ஸ்ட்ரைக்'தான். 1768இல் லண்டனில் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டு, பாய்களை இறக்கிக் கப்பல்களை முடக்கினார்கள்; சொல் போராட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. கூடாரம், கொடி, நாடக செட் ஆகியவற்றோடு வந்தால் இன்றும் இறக்குவது, பிரிப்பது என்றே பொருள். செட்டை யாரும் அடித்து நொறுக்கவில்லை.

நீதிமன்றச் செய்தியில்தான் இந்தப் பிழை ஆபத்தாகிறது. 'ஸ்ட்ரக் டவுன்' என்றால் சட்டமோ திட்டமோ செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் செய்தது இதுதான். 'நிறுத்திவைத்தது' என்று எழுதினால் அது இடைக்காலத் தடையாகிவிடும். 'தள்ளுபடி' என்றால் யாருடைய மனு என்று வாசகர் தேடுவார். 'டவுன்' போய் 'ஆஃப்' வந்தால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 248ஆம் பிரிவில் பெயர் நீங்கிய நிறுவனத்தை 'திவாலானது' என்று எழுதக் கூடாது. திவாலுக்கு 2016இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. விடைத்தாளில் 'அடித்தல் திருத்தல்' என்கிறோமே, அந்த அடித்தல்தான் இந்த 'ஆஃப்'.

நம் 'அடி' கைகொடுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. கடிகாரம் மணி அடிக்கிறது, ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஸ்ட்ரைக்'. ஆனால் தீக்குச்சியைக் கிழிக்கிறோம், பேரம் படிகிறது, யோசனை தோன்றுகிறது, நட்ட பதியன் வேர் பிடிக்கிறது. எனவே இந்த வினையைத் தனியாகப் பார்க்காமல், அது எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பெயர்ச்சொல்லுக்குத் தமிழில் வழக்கமாக எந்த வினை வரும் என்று கேட்டால் போதும். அகராதியின் முதல் பொருளை எடுப்பதால்தான் பாதிக் கோளாறு.

விளையாட்டுப் பக்கத்தில் 'ஸ்ட்ரைக் ரேட்' என்றே எழுதலாம், சேப்பாக்கத்தில் எல்லோருக்கும் புரியும். ஆனால் அது இரண்டு கணக்கு. பேட்டருக்கு 100 பந்துக்கு எத்தனை ரன்: 30 பந்தில் 45 எடுத்தால் 150. பந்துவீச்சாளருக்கு ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து: 24 பந்தில் 2 விக்கெட் என்றால் 12. முன்னது ஏறினால் நல்லது, பின்னது இறங்கினால் நல்லது. பேஸ்பாலில் கதையே தலைகீழ்: மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டாலும் 'ஸ்ட்ரைக்', மூன்றானால் அவுட்.

'லைட்னிங் ஸ்ட்ரைக்' தொழிற்சங்கச் செய்தியில் முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தம். வானிலைச் செய்தியில் மின்னல் தாக்கியது. மீனம்பாக்கத்திலிருந்து 'பேர்ட் ஸ்ட்ரைக்' என்று செய்தி வந்தால், விமானத்தில் பறவை மோதியது என்று எழுதுங்கள். 'பறவைத் தாக்குதல்' வேண்டாம். செத்தது அந்தப் பறவைதான்.

இப்படிக்கு,
ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்க்கும் சிலர்,
திருவல்லிக்கேணி, சென்னை-5.