ஊசி கோர்த்துக் கொடுத்தவளுக்கு

எல்லாருக்கும் வணக்கம். தைராய்டு கண்ணைப் பிடித்து, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்து, கடைசியில் கண்ணில் ஆபரேஷன் வரை போனது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லி அறுக்க மாட்டேன். கண் கட்டைப் பிரித்தாயிற்று. நேரே பார்த்தால் ஒரு வாசல், ஒரு பஸ், ஒரு மனைவி. அண்ணாந்தால் மட்டும் ஃபேன் இன்னும் இரண்டாகப் பிரிகிறது. போகட்டும், தைக்கிறவனுக்கு எப்போதும் குனிந்த தலைதானே.

முதல் நன்றி பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் மகளுக்கு. ஏழாவது படிக்கிறாள். 12 வாரம் ஸ்டீராய்டு ஏற்றி, கண் வீக்கம் வடிந்து, மாறுகண் அளவு மாறாமல் நிற்கிறதா என்று அப்புறம் ஆறு மாதம் காத்திருந்தபோதும் கடையைத் திறந்துதான் வைத்திருந்தேன். கண்ணாடியின் ஒரு பக்கம் டேப் ஒட்டினால் பார்வை ஒன்றாகிவிடும். ஆனால் ஊசிக் காது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பிடிபடாது. நூல் காதைத் தாண்டிக் காற்றில் போகும். முப்பது வருஷத் தையல்காரனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் எட்டு மணிக்கு, புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்காமலே மிஷின் ஊசியில் நூலைக் கோர்த்தாள். அப்புறம் ஹூக் வைக்க, ஹெம்மிங் பண்ண என்று பத்து கை ஊசி. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மெரூன் என்று வரிசையாக ஸ்பாஞ்சில் குத்தி வைத்துவிட்டு ஓடிவிட்டாள். ஞாயிறு தவிர தினமும் இதே வேலை. "மாமா, நூறு ரூபா குடுத்தா எரநூறாத் தெரியுமா?" என்று அவள் கேட்டபோதுதான், படுத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன்.

தைராய்டு கோளாறு கண் தசையை எப்படி விறைக்க வைத்தது என்று படம் போட்டுக் காட்டிய டாக்டருக்கு நன்றி. துவைத்துச் சுருங்கிய லைனிங் பிளவுஸை இழுக்கிற மாதிரி என்று நான் சொன்னதும், அதேதான் என்றார். கீழ்த்தசையைப் பிரித்து, பின்னால் தள்ளித் தைத்தார். அவரும் நம்ம ஆள்தான்! ஊசி போட்ட நாளெல்லாம் சுகர் பார்த்த நர்ஸம்மாவுக்கும், கோணல் பிளவுஸை வாய் பேசாமல் கல்யாணத்துக்குப் போட்டுப்போன அக்காமார்களுக்கும், எனக்கு மட்டும் சிகரெட் தர மறுத்த டீக்கடை அண்ணனுக்கும் நன்றி. இனி நீங்கள் தந்தாலும் தொட மாட்டேன், அண்ணே.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கிறவரை யூனிஃபார்ம் என் பொறுப்பு. நேற்று அளவெடுத்தேன். சுடிதாரில் பாக்கெட் வேண்டுமாம், இரண்டு பக்கமும்.