எட்டு முழ வேட்டியும் காலா இரவும்

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகளும் மருமகனும் உன்னையும் மைனியையும் ஆகஸ்டில் சவுத்தாம்ப்டனில் கப்பலேற்றி நார்வே வரை கூட்டிப் போகிறார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முப்பத்தைந்து வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு இது வேண்டும்.

இங்கே இடவப்பாதி மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. ரப்பர் பால் வெட்டு நின்று கிடக்கிறது. முட்டு வலி கொஞ்சம் தேவலை, காலையில் வடசேரி வரை நடக்கிறேன். கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலத்துக்குக் கூட்டம் இன்னும் குறையவில்லை. வந்தால் ஒருநாள் சேர்ந்து போகலாம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். காலா இரவு என்று எல்லோரையும் விசேஷமாக உடுத்தி வரச் சொல்லும் இரண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு டக்சீடோ என்கிற கருப்புக் கோட்டு சூட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்று மருமகன் சொல்கிறார், சென்னையிலேயே ஒரு சூட் தைத்துவிடுங்கள் என்று மகள் சொல்கிறாள், பேசாமல் அந்த இரண்டு ராத்திரியும் பஃபேயில் சாப்பிட்டுவிடட்டுமா என்று நீ கேட்கிறாய். மூன்றும் வேண்டாம் என்பது என் கருத்து. நீ எட்டு முழ வேட்டியில் போ.

அவசரப்பட்டுச் சொல்லவில்லை. நீ அனுப்பிய கப்பல் கம்பெனிக் காகிதங்களை இரண்டு தடவை படித்தேன். கடியபட்டணத்தில் நமக்குத் தெரிந்த ஒரு தம்பி பயணிகள் கப்பலில் சலவைப் பகுதியில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவன். அவனையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன்.

நீ போகும் கப்பலின் குனார்டு 1840லிருந்து அட்லாண்டிக்கில் கப்பல் ஓட்டும் கம்பெனி. பழைய பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறார்கள். மற்ற கம்பெனிகள் பல உடுப்பு விதியைத் தளர்த்திவிட்டன. நார்வீஜியன் குரூஸ் லைனில் இப்படிக் கட்டாய இரவே கிடையாது. குனார்டில் ஏழு இரவுப் பயணம் என்றால் பெரும்பாலும் 2 காலா இரவு இருக்கும். அன்றைக்கு மாலை 6 மணிக்கு மேல் ஆண்களுக்கு டக்சீடோ, டின்னர் ஜாக்கெட், அல்லது டை கட்டிய கருஞ்சூட். சாப்பாட்டு ஹாலுக்கு மட்டும் இல்லை, கப்பலின் பெரும்பாலான பொது இடங்களுக்கும் இதே விதிதான். வேண்டாம் என்பவர்களுக்கு பஃபேயும் கோல்டன் லயன் பப்பும் இன்னும் சில இடங்களும் உண்டு. மீதி ராத்திரிகளுக்கு நல்ல பேண்டும் முழுக்கைச் சட்டையும் தோல் ஷூவும் போதும். அதைப் பற்றி யோசித்துத் தலையைக் குழப்பாதே, பள்ளி ஆண்டு விழாவுக்கு நீ போட்டுக்கொண்டு வருவாயே, அந்த உடுப்பு தாராளம்.

நீ கவனிக்காமல் விட்ட வரி ஒன்று இருக்கிறது. டக்சீடோவுக்குப் பதிலாக அவரவர் நாட்டின் சம்பிரதாய உடையும் ராணுவச் சீருடையும் அணியலாம் என்று கம்பெனியே சொல்கிறது. காலா இரவில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் என்கிற அவர்கள் ஊர்க் கட்டம்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு வருவார்கள் என்று கடியபட்டணத்துத் தம்பி சொன்னான். அவர்களை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. பிறகு நீ ஏன் பஃபேயில் ஒதுங்க வேண்டும்?

நம்ம ஜில்லாவில் யார் எதை உடுக்கலாம் என்பது எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சொன்ன தோள்சீலைக் கதைகளை நாம் இரண்டு பேரும்தானே கேட்டோம். மாரை மறைத்துச் சந்தைக்குப் போன நாடார் பெண்களின் சீலையை மேல்சாதிக்காரர்கள் கிழித்தார்கள், சிறு சர்ச்சுகளையும் பள்ளிக்கூடங்களையும் எரித்தார்கள். 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் உத்திரம் திருநாள் மகாராஜா, அவர்கள் மாரை மறைக்கலாம் என்று பிரகடனம் போட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் போல உடுக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார். அவ்வளவு தூரம் வேண்டாம், 2014ல் சென்னையில் ஒரு கிளப் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விட மறுத்தது. அதற்குப் பிறகுதான் வேட்டியைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் உன் கப்பலில் செல்லாது. குனார்டு கப்பல்கள் பெர்முடாவில் பதிவானவை. அங்கே கம்பெனி விதிதான் விதி. அந்த விதியே உனக்கு இடம் கொடுத்திருக்கும்போது நீயாக ஓர் ஓரத்தில் போய் உட்காருவதை என்னால் ஏற்க முடியவில்லை, மக்கா.

‘இந்த வெள்ளைக்காரன் சட்டமெல்லாம் எதற்கு, சாப்பிடப் போகிறவனுக்கு எந்தச் சட்டை போட்டால் என்ன’ என்று எழுதியிருந்தாய். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நடக்கிறவன், எதிரே வாத்தியார் வந்தால் மடிப்பை அவிழ்த்து விடுகிறான். நம்மையும் எத்தனை பிள்ளைகள் அப்படி மரியாதை செய்தார்கள். எதிரே இருப்பவருக்காக உடுப்பைச் சரிசெய்வது நமக்கு எவரும் வந்து கற்றுத்தந்த பழக்கம் இல்லை. ஒரு ஹாலில் அத்தனை பேரும் ஒரு ராத்திரிக்காக முனைந்து உடுத்தி வந்து உட்கார்ந்திருக்கும்போது நாமும் முனைந்து உடுத்திப் போவதுதான் முறை. அதனால்தான் ஏனோதானோ வேட்டி வேண்டாம் என்கிறேன். உடுத்துவது என்றால் முழுசாக உடுத்து.

பலராமபுரம் கைத்தறி, எட்டு முழம், கசவு என்கிற தங்கச் சரிகைக் கரை. மேலே வெள்ளைப் பட்டில் முழுக்கைச் சட்டை, கையை மடிக்கக்கூடாது. தோளில் அதே கரையில் நேரியல். காலுக்குப் பின்வார் உள்ள தோல் செருப்பு, புதிதாக இருக்கட்டும். ரப்பர் செருப்பு அங்கே ஆகவே ஆகாது. கப்பல் கொஞ்சம் அசையும், படிக்கட்டும் நிறைய. வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொள். டெக்கில் நடக்கும்போதுகூட மடித்துக் கட்டாதே. ஒரு இரவுக்குக் கருப்பு வெள்ளை என்று தீம் வைப்பார்களாம். அதற்குக் கருங்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அப்படியே பொருந்திவிடும்.

மைனிக்கு உன் மாதிரிக் குழப்பமே இல்லை. பட்டுச் சேலை எந்த ஹாலுக்கும் போதும். கருப்புச் சேலை எடுக்க மனசு ஒப்பவில்லை என்றால் விட்டுவிடட்டும், தீம் கட்டாயம் இல்லை. நகைக்குத்தான் ஒரு யோசனை சொல்கிறேன். தங்கத்தை அவ்வளவு தூரம் சுமந்து பயப்படுவதை விட, நம்ம வடசேரியில் செய்கிற கோவில் நகை ஒரு செட் எடுக்கலாம். வெள்ளியில் செய்து, தங்கத் தகடு ஒட்டி, சிவப்புக் கெம்புக்கல் பதித்தது. பரதநாட்டியக்காரர்கள் போடுகிறார்களே, அதேதான். நாகர்கோவில் பெயரிலேயே புவிசார் குறியீடு வாங்கிய சாமான். யாராவது கேட்டால் எங்கள் ஊரில் செய்தது என்று மைனி சொல்லலாம். தோவாளைப் பிச்சிப் பூ மட்டும் அத்தனை நாள் தாங்காது. அதற்கு வழி தெரியவில்லை.

சால்வை மறக்க வேண்டாம். ஹாலில் ஏசி கடுமையாக இருக்கும், நார்வேயில் டெக்கும் குளிரும்.

தம்பி சொன்ன இன்னும் சில விஷயங்கள். தீப்பிடிக்கும் பயத்தால் அறைக்குள் இஸ்திரிப் பெட்டி அனுமதி இல்லை. பயணிகள் தாங்களே துவைத்துத் தேய்க்கத் தனி அறை உண்டு. காலா இரவன்று மத்தியானத்துக்கு மேல் அங்கே வரிசை நிற்கும், அதனால் வேட்டியைக் காலையிலேயே தேய்த்து மாட்டிவிடு. முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் காலா வருவது அபூர்வம். பழைய காலத்தில் முதல் நாள் டிரங்குப் பெட்டிகள் பிரித்திருக்காது, கடைசி நாள் மூடியிருக்கும், அதனால் அந்த இரண்டு நாளும் யாரும் உடுத்தி வரமாட்டார்கள். இன்றைக்கும் கடைசி ராத்திரி பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், காலையில் போடும் துணியை மட்டும் எடுத்துவைத்துக்கொள். கரை பிடிக்காமல் கடலிலேயே போகும் நாட்களில்தான் பெரும்பாலும் காலா வரும்.

நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்களே என்று கவலைப்பட்டிருந்தாய். பார்க்கட்டும். அந்த ராத்திரிகளில் திரை கட்டிப் படம் எடுக்கக் கப்பலிலேயே போட்டோக்காரர்கள் நிற்பார்கள். நீயும் மைனியும் நின்று ஒரு படம் எடுங்கள், எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

மகளிடம் இதை நீயே சொல். அப்பா கூச்சப்படுவார் என்று நினைத்துத்தான் அவள் சூட் பேச்சை எடுத்திருப்பாள். எதற்கும் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, வேட்டியும் நேரியலும் காலா இரவுக்குச் சரிதானே என்று கேட்டு வைக்கச் சொல். எழுத்தில் பதில் கையில் இருந்தால் வாசலில் நிற்கும் புதுப் பையனுக்குக் காட்டலாம். அதையும் மீறி, அப்பாவை ஒரு தடவை கோட்டில் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசையாக இருந்தால், ஒரு ராத்திரி அவளுக்காகப் போட்டுக்கொள். உன் கல்யாணத்துக்கு மே மாத வெயிலில் சர்ச்சில் கோட்டு போட்டு நின்றவன்தானே நீ. ஆனால் அதை வாடகைக்கு எடுக்காதே, உன் அளவுக்குத் தைத்ததாக இருக்கட்டும். மற்ற ராத்திரி வேட்டி.

அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் ஒரு வேலை இருக்கிறது. போகிற வழியில் பலராமபுரத்தில் இறங்கி இரண்டு வேட்டியும் நேரியலும் எடுத்துவிடுகிறேன், காசைப் பிறகு பேசலாம். கசவு ஒரு விரல் அகலம் போதுமா, இரண்டு விரல் வேண்டுமா என்று உடனே போன் பண்ணிச் சொல். சட்டை அளவையும் மைனியிடம் கேட்டுச் சொல். நீ சொல்லும் அளவு பத்து வருஷத்துக்கு முந்தையதாக இருக்கும்.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி