சின்னவள் கொண்டுவந்த காளான்

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்தது தவறுதான். வேலை மிகுதி என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒரு மாதமாகப் பிள்ளைகளும் நானும் வீட்டில் சிப்பிக் காளான் வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே உண்மை. உன் பழைய காலணிக்குள் முளைத்ததை நீ இந்நேரம் நினைத்திருப்பாய், நானும் நினைத்தேன். இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நறுக்கி ஊறவைத்த வைக்கோலை 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தெடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். பிழிந்தால் நீர் சொட்டாமல் உள்ளங்கையில் ஈரம் மட்டும் படியும் பதம் வரும்வரை அதை உலர்த்தியதும், வைக்கோல் ஓர் அடுக்கு, காளான் வித்து ஒரு பிடி என்று மூன்று பைகளை நிரப்பியதும் பிள்ளைகள். இருட்டறையில் 18 நாட்களில் இரண்டு பைகள் வெண்ணிற இழை படர்ந்து பால்போல் வெளுத்தன. மூன்றாவதில் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. தான் கை கழுவாததே காரணம் என்று பெரியவன் அழுதான். அவசரத்தில் அந்தப் பைக்குரிய வைக்கோலை நான்தான் முன்னதாகவே வெந்நீரிலிருந்து எடுத்துவிட்டேன் என்று அவனிடம் சொன்ன பிறகே அவன் சாப்பிட வந்தான்.

மொட்டுகள் குண்டூசித் தலை அளவில் தென்பட்ட நாளிலிருந்து சின்னவள் அளவுகோலும் கையுமாகவே இருந்தாள். ஒரு பையில் மட்டும் காம்பு நீண்டு குடை சிறுத்திருந்தது. காளானும் நம்மைப் போல் மூச்சுவிடும், கரியமில வாயு வெளியேற வழியின்றித் தேங்கினால் இப்படி ஆகும் என்று நான் விளக்கியதும், "அப்படியானால் இது செடி இல்லையா?" என்று கேட்டாள். பச்சையம் இல்லாததையும், பூச்சிகளின் ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருளே காளானின் செல்சுவரிலும் இருப்பதையும் சொன்னேன். அன்றிரவு அவள் உறங்கவே வெகுநேரமாயிற்று.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதற்குப் பின் நடந்தது. போன வாரம் மழை விட்டதும், மரத்தடியில் முளைத்திருந்த ஒரு வெண்குடையைப் பறித்துக் கழுவி, "நம்முடையதன் தங்கை" என்று சமையலறைக் கூடையில் வைத்திருந்தாள். தொட்டதனால் கேடில்லை என்று தெரிந்தும், அவள் வாயைத் திறந்து பார்த்தபோது என் கை நடுங்கியது. அமானிட்டா ஃபல்லாய்டெஸ் போன்ற காளான்களின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் காய்ந்தாலும் அழிவதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் ஆறு மணி நேரம் கழித்தே தொடங்குகின்றன, பிறகு உடல் தேறிவிட்டதுபோல் தோன்றும் நேரத்திலும் ஈரல் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கும். காளானை நேசிக்கக் கற்றுக்கொடுத்த நான், பையில் முளைப்பதைத் தவிர வேறெதையும் பறிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நீயும் தொடங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். உன் மகனோ மழை நின்றதும் தோட்டத்துக்கு ஓடுபவன். வித்து வாங்குவதற்கு முன்பே அவனை அருகில் உட்காரவைத்துச் சொல்லிவிடு.

இரண்டாம் முறையும் மொட்டு வரத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் வருவதாக இருந்தால் உடனே எழுது. மூன்று நான்கு நாட்களில், குடையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருள்வதற்குள் பறித்துவிட வேண்டும். பிந்தினால் அறை முழுவதும் வித்துத்தூள் பரவிப் பிள்ளைகளுக்கு இருமல் வரும்.

அன்புடன்,
உன் நண்பன்