பிப்பெட் (திரவத்தை அளந்து எடுக்கும் ஆய்வகக் கருவி) முனைகள் கழுவும் அனைவருக்கும்

வணக்கம். ஈரம் காயாத முனைகள் மறுபடியும் பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. சிங்கப்பூர்க் காற்றில் அவை தாமாகக் காயும் என்று நம்பாதீர்கள். 60 டிகிரி உலர்த்து அடுப்பில் இரவு முழுவதும் இருக்கட்டும்.

உப்புக்கரைசல், தாங்கல் கரைசல் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) தொட்ட முனைகளை மட்டும் கழுவுங்கள். பிசிஆர் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் முறை), உயிரணு வளர்ப்பு வேலைகளுக்குப் புதியவைதான், அதில் சிக்கனம் வேண்டாம். உள்ளே வடிகட்டி பொருத்திய முனைகளும் கழுவுவதற்கு அல்ல. சோப்புநீரில் ஊறியபின், நுனித்துளை வழியாகவும் காய்ச்சி வடித்த நீர் ஓடும்படி அலசுங்கள். பிளீச் துளியும் மிஞ்சக்கூடாது; ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) சூடானால் நச்சுவாயு கிளம்பும்.

பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன முனைகளுக்கு ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 20 நிமிடம். பெட்டி மூடியை இறுக்காதீர்கள், நீராவி உள்ளே நுழைய வேண்டுமே!

வெள்ளிக்கிழமை முறை யாருடையது? இங்கேயே சொல்லிவிடுங்கள்.