மாப்ள, முதல்ல சுவிட்ச் பாக்ஸ்ல நியூட்ரல் இழுக்கச் சொல்லு

அன்புள்ள மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டியிருப்ப, திட்டு. செவரு எழும்பிருச்சு, அடுத்து ஒயரிங்னு எழுதியிருந்த, படிக்கவே சந்தோஷமா இருந்துச்சு. "நீதான் வீடு பூரா ஸ்மார்ட்டா ஆக்கி வச்சிருக்கியே, எனக்கும் ஒரு லிஸ்ட் போட்டுக் குடு"ன்னு வேற கேட்டிருந்த. லிஸ்ட் போடுறதெல்லாம் எனக்கு வராதுன்னு உனக்கே தெரியும். இங்க நடந்த கூத்தச் சொல்றேன், உனக்கு வேணுங்கறத நீயே எடுத்துக்க.

தரை பெருக்குற ரோபோல ஆரம்பிக்கிறேன். அது ஒண்ணும் புதுசு இல்ல, எலக்ட்ரோலக்ஸ்காரன் 2001லயே ட்ரைலோபைட்னு ஒண்ண வித்தான், அடுத்த வருஷமே ரூம்பா வந்துருச்சு. அந்தப் பழைய ரூம்பாவுக்கு வீட்டோட மேப்பெல்லாம் தெரியாது, சுத்தும், முட்டும், திரும்பும், கண்ணக் கட்டி விட்ட மாதிரி அலைஞ்சு அலைஞ்சே எப்படியோ பெருக்கி முடிச்சிரும். நான் வாங்குனது லைடார் வச்சது. தலைல கொண்டை மாதிரி ஒண்ணு சுத்திகிட்டே இருக்கும், லேசர் விட்டு தூரத்த அளந்து மேப் போட்டுக்கும். முதல் நாள் மேப்ப ஃபோன்ல பாத்தா, எங்க பெட்ரூமுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெட்ரூம் இருக்கு! நமக்குத் தெரியாம நம்ம வீட்டுல ஒரு ரூமான்னு என் வீட்டுக்காரியும் நானும் கொஞ்ச நேரம் முழிச்சோம். அப்புறம்தான் புரிஞ்சுது, தரை வரைக்கும் கண்ணாடி வச்ச பீரோ ஒண்ணு இருக்கு, லேசர் அதுல பட்டுத் திரும்ப, உள்ள தெரியுற ரூம நிஜ ரூம்னு நம்பி வரைஞ்சு வச்சிருக்கு. கண்ணாடியோட அடிப்பக்கம் ஒரு ஜான் உயரத்துக்கு பேப்பர் ஒட்டுனேன், ரூம் காணாமப் போச்சு.

இன்னொரு கூத்து, ஹால்ல ஒரு கருப்பு கார்பெட் கிடக்கும். ரோபோவுக்கு அடிப்பக்கம் இன்ஃப்ராரெட் சென்சார் இருக்கு, கீழ விடுற வெளிச்சம் திரும்பி வரலன்னா படிக்கட்டு விளிம்புன்னு நினைச்சு பின்வாங்கிரும், விழாம இருக்கத்தான். கருப்புத் துணி வெளிச்சத்த முழுங்கிருதில்ல, அதனால அந்தக் கார்பெட் அதுக்குப் பாதாளக் கிணறு. ஓரத்துக்கு வரும், எட்டிப் பாக்கும், திரும்பிரும். அப்பா சேர்ல உக்காந்து இதையே பாத்துட்டிருப்பார். "பயந்தாங்கொள்ளி வந்துட்டான்"னு அதுக்குப் பேரே வச்சுட்டார்.

பெருக்குதான்னா பெருக்குது, குறை சொல்ல மாட்டேன். ஆனா அது வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி சார்ஜர் ஒயரெல்லாம் தூக்கிப் போடணும், சாக்ஸ் கிடந்தா எடுக்கணும், சேர ஏத்தி வைக்கணும், பிரஷ்ல சுத்துன முடிய வாரத்துக்கு ஒருதடவ கத்திரிக்கோல் வச்சு வெட்டணும். அதுக்காக நான் வேல பாக்குறேனா எனக்காக அது பாக்குதான்னு சில நாள் குழப்பமாத்தான் இருக்கு.

துணி மடிக்கிற ரோபோ வந்துருச்சான்னு தங்கச்சி கேட்டுச்சாமே. காத்திருக்க வேணாம்னு சொல்லிரு. 2010ல அமெரிக்கால பெர்க்லி யுனிவர்சிட்டில ஒரு ரோபோவ டவல் மடிக்க வச்சாங்க, ஒழுங்காவே மடிச்சுது, ஆனா ஒரு டவலுக்கு சராசரியா 25 நிமிஷம் கிட்ட ஆச்சு. இப்ப ரொம்ப வேகமாத்தான் ஆயிருக்கு, டெமோல எல்லாம் அழகா மடிக்குது, நம்ம வீட்டுக் கூடைல சுருண்டு கிடக்குற போர்வைய எடுத்து மடிக்கட்டும், அப்புறம் பேசுவோம். செக்கர்ஸ் மாதிரி பலகை ஆட்டம் ஆடுறது மெஷினுக்கு ஈசி, ஒரு வயசுக் குழந்த மாதிரி பாத்துப் புரிஞ்சு நடமாடுறதுதான் கஷ்டம்னு ஹான்ஸ் மொராவெக்னு ஒரு ரோபோ ஆராய்ச்சியாளர் 1988லயே சொன்னது இன்னமும் பெருசா மாறல.

சரி, லைட்டு விஷயத்துக்கு வர்றேன், உனக்கு இதான் முக்கியம். நான் பண்ண பெரிய தப்பு ஸ்மார்ட் பல்பு வாங்குனது. பல்பு ஸ்மார்ட்டு, சுவிட்ச் சாதா. அப்பா தூங்கப் போறப்ப அறுபது வருஷப் பழக்கத்துல செவத்துச் சுவிட்ச ஆஃப் பண்ணிருவார், அதுல அவர் தப்பு என்ன இருக்கு? ஆனா பல்புக்குக் கரண்டே வரலன்னா அது வெறும் பல்புதான். அதோட முடியலடா. இந்தச் சாதனமெல்லாம் ஜிக்பீன்னு ஒரு ஒயர்லெஸ் முறைலதான் பேசிக்குது, அதுல பெரும்பாலும் ஒவ்வொரு பல்பும் பிளக்கும் அடுத்ததுக்கு சிக்னல கை மாத்தி விடும், பேட்டரில ஓடுற சென்சாருங்க மட்டும் அப்படிப் பண்ணாது. அதனால அவர் ஹால் பல்ப அணைச்சா, அது வழியா பேசிட்டிருந்த பின்வாசல் சென்சாரும் காணாமப் போயிரும். ராத்திரி ஒரு சுவிட்ச், காலைல எனக்கு அரைமணி நேரத் தேடல். அதுல இது எல்லாத்தையும் சேத்து ஆட்டி வைக்கிற ஹப் குச்சிய கம்ப்யூட்டரோட யூஎஸ்பி 3 போர்ட்ல நேரா சொருகி வச்சிருந்தேன், அந்த போர்ட்டே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும், ஜிக்பீயும் அங்கதான் பேசுது. ரெண்டு மாசம் மண்டையப் பிச்சுகிட்டதுக்கு ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர்தான் மருந்துன்னு கண்டுபுடிச்சப்ப அழறதா சிரிக்கிறதான்னு தெரியல.

அப்புறம் நான் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தேன். அப்ப எல்லாமே கம்பெனியோட கிளவுட் வழியாத்தான் ஓடிட்டிருந்துச்சு, அந்த கம்பெனி சர்வர் படுத்துருச்சு. வீட்டுல லைட்டப் போட இவ ஃபோன வச்சுகிட்டு கத்துறா, நான் அங்க இருந்துகிட்டு "ஆப்ப மூடித் திற"ன்னு சொல்றேன், கடைசில மெயின ஆஃப் பண்ணி ஆன் பண்ணித்தான் தப்பிச்சாங்க. திரும்பி வந்ததும் அவ கேட்டது ஒரே கேள்விதான், "நீ இல்லாத வீட்டுல நாங்க இருக்க முடியுமா முடியாதா?" லிசேன் பெயின்பிரிட்ஜ்னு ஒரு சைக்காலஜி ஆராய்ச்சியாளர் 1983லயே இதப்பத்தி எழுதிருக்காங்க, ஆலைகள மனசுல வச்சு. ஈசியான வேலையெல்லாம் மெஷின் எடுத்துகிட்டு, அதுவே திணறுற நேரத்துல மட்டும் மனுஷன் கைல குடுக்கும், அவனோ அதுக்குள்ள பழக்கம் விட்டுப் போயிருப்பான்னு. வீட்டுல அது இன்னும் மோசம்டா, அந்த மனுஷனே ஊர்ல இல்ல.

கம்பெனியையே நம்பி இருக்குறதும் ஆபத்துதான். ரிவால்வ்னு ஒரு ஹப் இருந்துச்சு, அத கூகுளோட நெஸ்ட் கம்பெனி வாங்குச்சு, 2016 மே மாசம் சர்வர நிறுத்திட்டாங்க, காசு குடுத்து வாங்கி செவத்துல மாட்டுன பொட்டி ஒரே நாள்ல செங்கல்லாப் போச்சு. அதப் படிச்சப்புறம்தான் எல்லாத்தையும் வீட்டுக்குள்ளயே ஓடுற ஹோம் அசிஸ்டன்ட்ங்கற சாஃப்ட்வேருக்கு மாத்துனேன், ஒரு சின்ன கம்ப்யூட்டர் மூலைல கிடக்கு, இன்டர்நெட் போனாலும் லைட் எரியும். 2022 அக்டோபர்ல, எந்தக் கம்பெனி சாதனமும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க மேட்டர்னு பொது ஸ்டாண்டர்டு வந்துச்சே, அதுவும் வீட்டுக்குள்ளயே பேசுறதுதான், நல்ல விஷயம். ஆனா பொட்டில அந்த லோகோ இருந்தா எல்லா வசதியும் வந்துரும்னு நம்பிராத, அடிப்படை வேலை மட்டும்தான் பல நேரம் வரும்.

இப்ப உன்கிட்ட மட்டும் சொல்ற விஷயம் ஒண்ணு. பெட்ரூம்ல இருந்து பாத்ரூம் போற வழில ஒரு மோஷன் சென்சார் வச்சேன், அப்பா ராத்திரி எந்திரிச்சா தடுக்கி விழக் கூடாதுன்னு மங்கலா ஒரு லைட் எரியுற மாதிரி. கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா அந்த லைட் ராத்திரி முழுக்க எரிஞ்சு எரிஞ்சு அணையுது. சென்சார் கெட்டுப் போச்சுன்னு பேட்டரி மாத்துனேன், இடம் மாத்துனேன், ஃபேன் காத்தான்னு பாத்தேன். அப்புறம் ஹிஸ்டரி திறந்தேன், அது பத்து நாள் கணக்க வச்சிருக்கும். 1.50, 2.40, 2.55, 3.20. தினமும். சென்சார் நல்லாத்தான் இருக்கு, அப்பாதான் தூங்கல.

காலைல நேரா கேட்டேன், என்னப்பா தூக்கம் வரலையான்னு. "நல்லாத் தூங்குறேனே"ன்னார். நான் முட்டாள்தனமா ஃபோன நீட்டி டைம் எல்லாம் காட்டிட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஓ, இது இதுக்குத்தான் வச்சியா"ன்னு மட்டும் கேட்டார். அன்னைலேர்ந்து அந்த லைட் ராத்திரில எரியவே இல்ல. எனக்கும் நிம்மதி, தூங்குறாருன்னு. ஒருநாள் தண்ணி குடிக்க எந்திரிச்சப்பதான் பாத்தேன், இருட்டுல செவத்தோட முதுக ஒட்டி, சென்சாருக்கு நேர் கீழ, அதோட கண்ணுல படாம ஒவ்வொரு அடியா நகந்துகிட்டிருக்கார். அவர் விழக் கூடாதுன்னு வச்சது மாப்ள அது.

அடுத்த நாளே அந்த சென்சார் எதையும் பதிவு பண்ணாத மாதிரி மாத்திட்டேன், லைட்ட மட்டும் போடும், எப்ப போட்டுச்சுன்னு எங்கயும் இருக்காது. அவர உக்கார வச்சு ஃபோன்லயே திறந்து காட்டுனேன், பாருங்கப்பா காலியா இருக்குன்னு. நம்புனாரா தெரியல, ஆனா ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் நடு வழியா நடக்க ஆரம்பிச்சுட்டார். எத்தன தடவ எந்திரிக்கிறார்னு இப்ப எனக்குத் தெரியாது. முழிப்பு வந்தா நானும் போய் ஹால்ல உக்காருறேன், சில நாள் பேசுறார், சில நாள் பயந்தாங்கொள்ளி சார்ஜ் ஏறிருச்சான்னு மட்டும் கேப்பார்.

சரி, கொத்தனார் பூச ஆரம்பிக்கிறதுக்குள்ள எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லிரு, ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸ்லயும் நியூட்ரல் ஒயர், அதான் கரண்டு திரும்பிப் போற ஒயர், வரணும், பாக்ஸும் கொஞ்சம் ஆழமா இருக்கணும். ஸ்மார்ட் சுவிட்சு பெரும்பாலும் அது இல்லாம வேல செய்யாது, இப்ப போட்டா ஒரு ஒயர் செலவு, பூசுனப்புறம்னா செவத்த ஒடைக்கணும். மாட்டுறது அப்புறம் பாத்துக்கலாம், மாட்டாமயே விட்டாலும் சரி. பாத்ரூமுக்கு மட்டும் மோஷன் சென்சார் வேணாம், அது அசைவத்தான் பாக்கும், அசையாம உக்காந்தா இருட்டாயிரும், எங்க மாமனார் உள்ள இருந்து கையத் தூக்கித் தூக்கி ஆட்டுன கதைய நேர்ல சொல்றேன்.

மேல் மாடிப் படிக்கட்டு எந்தப் பக்கம் வருதுன்னு எழுதவே இல்லையே நீ? பிளான ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு.

உன்
பழைய கடைசி பெஞ்ச்