எந்த ஐரோப்பா விழித்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழ்த் தலையங்கத்தில், 'உக்ரைன் போர் வந்த பிறகே ஐரோப்பா திடுக்கிட்டு விழித்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஐரோப்பா என்று சொல்லியிருக்கலாம். ஜெர்மனியின் பெர்லின் என்றால் சரி. 2014இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா பறித்த பிறகும் ரஷ்ய எரிவாயுவுக்கு இரண்டாவது குழாயைக் கடலில் பதிக்க விட்டவர்கள் அவர்கள். அப்போது நீங்களும் 'வணிகம் வளர்ந்தால் பகை தேயும்' என்று எழுதினீர்கள். நான் மறுப்பு அனுப்பினேன், வெளிவரவில்லை. இடம் இருந்திருக்காது.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கு வந்து எனக்கு 19 வருடம் ஆகிறது. எங்கள் அடுக்குமாடியின் அடியில் கனத்த இரும்புக் கதவு போட்ட பதுங்கறை ஒன்று உண்டு. மற்ற நாளில் அதில் சைக்கிளும் பழைய சூட்கேஸும் கிடக்கும். ஆபத்து என்று அறிவிப்பு வந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒழித்துத் தர வேண்டும். நாட்டில் இப்படி ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. மக்கள்தொகை 56 லட்சம், பதுங்க இடம் 48 லட்சம் பேருக்கு. இதையெல்லாம் 2022இல் விழித்தெழுந்து ஒரே ராத்திரியில் தோண்டினார்களா? என் மகன் கட்டாய ராணுவப் பயிற்சியில் 165 நாள் பனியில் உருண்டுவிட்டு வந்தது 2019இல். கீழ்வீட்டுப் பாட்டி, இரண்டாம் உலகப் போரில் பின்லாந்து இழந்த கரேலியாவிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்டவர். அவர் பிறந்த ஊர் இன்று ரஷ்யாவில் இருக்கிறது. அவரிடம் போய், 'இப்போதுதான் விழித்தீர்களா?' என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. தங்களுக்கு இருக்கலாம்.

'நேட்டோ ரஷ்யாவின் வாசலில் போய் நின்றது' என்று வேறு ஒரு வரி. 1,340 கிலோமீட்டர் எல்லை ஐயா, அது எங்கள் வாசலும்தான். பகைத்துக்கொள்ள வேண்டாமென்று பல பத்தாண்டுகள் எந்த ராணுவ அணியிலும் சேராமல் இருந்த நாடு இது. உக்ரைனுக்கு நடந்ததைப் பார்த்துத்தான் நேட்டோவில் சேர விண்ணப்பம் போட்டார்கள். 2024 கிறிஸ்துமஸ் அன்று இங்கிருந்து எஸ்தோனியாவுக்குப் போகும் கடலடி மின்கம்பி அறுந்ததே, அதற்குத் தங்கள் இதழில் ஒரு துணுக்குகூட இல்லை. 'உலகின் மகிழ்ச்சியான நாடு பின்லாந்து' என்ற துணுக்கு மட்டும் வருடம் தவறாமல் வருகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தலையங்கத்தின் பக்கத்துக் கட்டத்தில் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது 2022 என்று இருக்கிறது. விண்ணப்பித்ததுதான் 2022. சேர்ந்தது 2023 ஏப்ரல் 4. அடுத்த இதழில் திருத்தம் போடவும். சின்ன எழுத்தில் போட்டாலும் போதும்.

சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
ஹெல்சிங்கி