வாய்நலத் திட்டத்துக்கு ஐந்தாண்டு உறுதி கொடுங்கள்: உள்ளாட்சி நிதிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சமுதாய வாய்நலத் திட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் "நிதி மிஞ்சினால் தொடரலாம்" என்ற பட்டியலில் வைக்கிறீர்கள். அங்கிருந்து எடுத்து நிலையான செலவுகளின் பக்கத்தில் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தொகையைக் கூட்டச் சொல்லவில்லை. இதே தொகை ஐந்தாண்டுக்கு இடைவெளியில்லாமல் வரும் என்ற உறுதிதான் வேண்டும். பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்யும் பல் மருத்துவர் என்ற முறையில், இந்த ஒரு கோரிக்கையில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று விளக்க வேண்டும்.

ஆறு வயதை ஒட்டிப் பிள்ளைகளுக்கு முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்காகப் பால் பல் எதுவும் விழுவதில்லை. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் தானாக வந்து நிற்கும். அதனால் பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே நினைத்து, எப்படியும் விழப்போவதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க மென்று தின்ன வேண்டிய பல் அது. முளைத்த புதிதில் அதன் கடினமான வெளிப்படலமான எனாமல் இன்னும் முதிர்ந்திருக்காது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும், பிரஷ் அங்கே சரியாக எட்டாது. சொத்தை பெரும்பாலும் பிடிப்பது அந்த முதல் சில ஆண்டுகளில்தான். பள்ளங்களை அடைக்கும் சீலண்ட் பூச்சை அந்தப் பருவத்தில் போட்டால் பல் தப்பித்துக்கொள்ளும். அடுத்த கடைவாய்ப் பல் வருவது பன்னிரண்டு வயதை ஒட்டி. ஆக, ஓர் ஆண்டு பணம் நின்றால் அந்த ஆண்டு ஆறு வயதான பிள்ளைகளும் பன்னிரண்டு வயதான பிள்ளைகளும் விடுபட்டுப் போகிறார்கள். அடுத்த ஆண்டு இருமடங்காக ஒதுக்கினாலும் அந்தப் பருவத்தைத் திரும்ப வாங்க முடியாது.

பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் தாதுவான ஃபுளோரைடின் கதையும் இதுதான். ஒருமுறை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க அது தடுப்பூசி மாதிரி கிடையாது. நாம் சாப்பிடும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் தாதுக்களைக் கரைக்கிறது, உமிழ்நீர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த இழுபறி தினமும் பலமுறை நடக்கிறது. வாயில் கொஞ்சம் ஃபுளோரைடு எப்போதும் இருந்தால் சேர்க்கும் பக்கம் ஜெயிக்கும். அதனால்தான் 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசையால் தினமும் இரண்டு வேளை துலக்கச் சொல்கிறோம். அதனால்தான் சொத்தைக்கு வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பல்லில் ஒட்டி நிற்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூச்சைப் பூசுகிறோம். இடையில் நிறுத்தினால் பலனும் நின்றுபோகும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் கால்கரி நகரத்தைப் பாருங்கள். குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதை அந்த நகர மன்றம் 2011-இல் கைவிட்டது. அதே மாகாணத்தின் இன்னொரு நகரமான எட்மன்டன் தொடர்ந்தது. 2018-19-இல் இரண்டு நகரங்களிலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். எட்மன்டனில் 55 சதவீதம் பேருக்குச் சொத்தை, கால்கரியில் ஏறக்குறைய 65 சதவீதம். 2021-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, மீண்டும் சேர்க்கலாம் என்று மக்களே தீர்ப்பளித்தார்கள். திரும்பச் சேர்க்கத் தொடங்கியது 2025-இல். நிறுத்த ஒரு கூட்டம் போதுமாக இருந்தது, திரும்பப் பெறப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. நம் திட்டம் குடிநீர் சார்ந்தது அல்ல என்பது தெரியும். ஆனால் முடிவெடுக்கும் மேசை உங்களுடையதைப் போன்றதுதான்.

எதிர்ப்பக்க உதாரணம் ஸ்காட்லாந்து. அங்கே பாலர் பள்ளிகளில் ஆசிரியர்களின் கண்காணிப்பில் குழந்தைகள் தினமும் பல் துலக்குகிறார்கள். அவ்வளவு எளிய வேலை. அந்தச் செலவையும், ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் பல் சிகிச்சையில் மிச்சமான பணத்தையும் ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் மிச்சம் திட்டச் செலவைக்கூட எட்டவில்லை. எட்டாம் ஆண்டில் அது திட்டச் செலவைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. தயவுசெய்து இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே "லாபம் எங்கே?" என்று கேட்டு மூடியிருந்தால், அது தோற்ற திட்டம் என்றே பதிவாகியிருக்கும்.

நிதி ஆண்டுக்கு ஆண்டு துண்டாக வருவதால்தான் நாம் முகாம்களில் போய் நிற்கிறோம் என்று நினைக்கிறேன். முகாமை ஒரே நாளில் நடத்தலாம், ஒரே நிதியாண்டுக்குள் கணக்கை முடிக்கலாம், இத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று அறிக்கை எழுதலாம். பரிசோதித்தவரிடம் "உங்களுக்கு நான்கு சொத்தை இருக்கிறது, சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். அவர் எங்கே போவார்? அப்புறம் பல்லைப் பிடுங்கத்தான் வருகிறார். இதைத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேண்டியது ஆட்கள். நியூசிலாந்து 1921-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பல் செவிலியர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் பல் மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வார்னிஷ் பூசலாம், வாயைத் திறக்கச் சொல்லிப் புண்களையும் வெள்ளைத் திட்டுகளையும் கவனிக்கலாம், பெற்றோரிடம் பேசலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளோரைடு பற்பசை, சில்வர் டயமின் ஃபுளோரைடு, பல் குழியை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமென்ட் மூன்றையும் சேர்த்தது. சில்வர் டயமின் ஃபுளோரைடைச் சொத்தையின் மேல் தொட்டு வைத்தாலே பெரும்பாலும் அது மேலும் பரவாமல் நிற்கும். துளையிடும் கருவியும் ஊசியும் தேவையில்லை. பூசிய இடம் கறுத்துப்போகும், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அப்படிப் பொறுமையாகப் பேச, ஆண்டுதோறும் அதே முகமாக வரும் ஒரு பணியாளர் வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வருபவர் நிலைப்பதில்லை. குடும்பங்களின் நம்பிக்கை அவரோடு போய்விடுகிறது.

"பல் துலக்குவது வீட்டு வேலை, அதற்கு ஏன் பொதுப்பணம்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. இத்தனை கோடி வீடுகளும் சோம்பேறி வீடுகள் என்று சொல்ல முடியாது. மலிவான சர்க்கரைப் பண்டங்கள் எங்கும் கிடைக்கின்றன, பல் சிகிச்சை பல காப்பீடுகளில் கிடையாது, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் சொத்தையும் அதிகம். பல்லில் தொடங்கும் தொற்று உயிரையும் எடுக்கும். 2007-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், பல்லில் பிடித்த சீழ் மூளைக்குப் பரவி இறந்துபோனான். அந்தப் பல்லை நேரத்தில் பிடுங்கியிருந்தால் பிழைத்திருப்பான்.

முதியவர்களையும் மறக்காதீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் வாயைத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால், அங்குள்ள கிருமிகள் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் மோசமாகும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும். வீடு தேடிப் போகும் பணியாளருக்கு இதையும் சொல்லிக்கொடுத்துவிடலாம், தனி ஒதுக்கீடு தேவையில்லை.

நான் கேட்பதைத் தீர்மானமாக எழுதினால் இவ்வளவுதான்: ஐந்தாண்டுக்கு ஒதுக்கீடு, கல்வியாண்டு தொடங்கும் முன்பே பணம் விடுவிப்பு, பணியாளர்களுக்கு நிரந்தரப் பணியிடம், பற்பசையும் பிரஷும் தட்டுப்பாடில்லாமல் கொள்முதல். பதிலுக்கு எங்களிடமும் கணக்குக் கேளுங்கள். முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்க வேண்டாம். சொத்தை இல்லாத ஆறு வயதுப் பிள்ளைகள் எத்தனை சதவீதம், மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்க அனுப்பப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், வலியால் பள்ளிக்கு வராதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல் ஆண்டிலேயே ஓர் அடிப்படைக் கணக்கெடுப்பு நடத்தி, பிறகு ஆண்டுதோறும் அதைப் பொதுவில் வெளியிடுவோம். ஐந்தாண்டு முடிவில் அந்த எண்கள் அசையவில்லை என்றால் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு மாற்ற உங்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த நிதிக்குழுக் கூட்டத்தில் இதைப் பொருள்நிரலில் சேர்த்து, பணியாளர்களில் ஒருவரையும் பேச அழையுங்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பல் மருத்துவர் ஒருவர்